நாலாவது வந்த குதிரை

ஏப்ரல். குலசேகரத்தில் மரமெல்லாம் புதுத்தளிர்.
வெட்டு நிறுத்தி ஐம்பது நாள்.
தரம் பிரிக்க டிப்போவில் ஒரு ஷீட் இல்லை.
கையில் நோட்டு, போனில் ஊட்டி,
சீசனின் முதல் நாள், நான்காம் ரேஸ்,
ஆயிரத்து இருநூறு மீட்டர், பதினோரு குதிரை.

எழுதி வைத்தது:

ராயல் பட்டன். ஜெயித்தது. நம்பாதே.
கேட் திறந்ததும் முன்னால் போனது,
துரத்த ஆளில்லை, கூட்டமே பின்னால் உறங்கியது.
தூங்கும் வீட்டில் யாரும் திருடலாம்.

நைட் ஃபெரி. இரண்டாவது. காதுவரை நுரை.
ஜாக்கி ஒன்பது அடி அடித்தான், எண்ணினேன்.
ஜூனுக்கு வேண்டியதை இன்றே செலவழித்தாயிற்று.

மான்சூன் லெட்டர். நாலாவது.
வயிறு இறங்கவில்லை, தோலில் மினுக்கம் உண்டு,
வளைவில் கால் மாற்றத் தெரிகிறது.
ஜாக்கி ஷெல்டன் ராயப்பன், கடியபட்டணம்.
சாட்டை தொடவில்லை.

"பிடிச்சிட்டாம்லே" என்றான் ஏசுவடியான்,
லோடு ஆட்டோ டயரை உதைத்து.
முந்நூறு ரூபாய் போட்டிருந்தான்.
"நம்ம ஊருக்காரன்னு நம்புனேன் பாத்தியா."

நான் பைசா போடுவதில்லை, பார்ப்பதோடு சரி.
அன்று ராத்திரி பதினெட்டுத் தடவை பார்த்தேன்.
உள்வேலியோரம் அடைபட்டிருக்கிறான், முன்னால் மூன்று பிட்டம்.
ஒருமுறை வழி திறந்தது,
கோழி கண்ணிமைக்கும் நேரம்.
மூடிவிட்டது.
கை அசையாததற்கு அது போதும்.
நோட்டில் அப்படியே எழுதி, அடிக்கோடும் போட்டேன்.

ஆனால் முந்நூறு மீட்டர் கம்பத்தில்
தோளுக்கடியில் திரும்பிப் பார்க்கிறான்.
முன்னால் வழி தேடுகிறவன் எதற்குப் பின்னால் பார்க்கிறான்?
அந்த ஒரு நொடிக்கு என்னிடம் கட்டம் இல்லை.

இரண்டு வாரம் கழித்து அவன் தங்கைக்கு நிச்சயம்.
கடியபட்டணத்தில் பந்தியில் எனக்கு எதிரே இருந்தான்.
நெய்மீன் துண்டை விரலால் தொட்டு
விரலை மட்டும் நக்கினான்.
ஐம்பத்தொரு கிலோ அப்படித்தான் நிற்கிறது.

கேட்டேன்.

"அங்க ஒரு மூச்சு கேட்டுது," என்றான்,
"ஆருக்க மூச்சுன்னு பாத்தேன்.
எனக்க குதிரைக்கது இல்ல.
அதுக்கு மூச்சே கேக்கல்ல."

அப்படியென்றால் உள்ளே இன்னும் இருந்தது.

"இருந்துது."

"பின்ன ஏன் விடல்ல?"

"வழி எங்க கிடந்துது?"
என்னைப் பார்த்துச் சொன்னான்.
கொஞ்சம் கழித்து, இலையைப் பார்த்து:
"ஏப்ரல் தானே."

இரண்டு பதில்.
என் நோட்டில் காரணம் எழுத ஒரு கட்டம்தான்.
பஸ்ஸில் திரும்பும்போது பேனாவைத் திறந்தேன்.
திங்கள்சந்தை வரைக்கும் திறந்தே இருந்தது.

மே. மரத்தில் திரும்பக் கத்தி வைத்தார்கள்.
முதல் வெட்டில் சிரட்டை பாதிகூட இல்லை.
தங்கையன் மரத்தை ஒன்றும் சொல்லவில்லை.
"நாலாவது வெட்டுல தாறேன்னு சொல்லுது"
என்று அடுத்த மரத்துக்குப் போனான்.

மரம் அப்படிச் செய்தால் நாம் கேள்வி கேட்பதில்லை.
மரத்தின் மேல் யாரும் முந்நூறு ரூபாய் போடவில்லை.

புகைப்புரையிலிருந்து வந்த முதல் ஷீட்டை
வெளிச்சத்துக்குப் பிடித்தேன்.
வரி வரியாய்க் குமிழ், மூலையில் மணல்.
நாலாந்தரம்.
இதில் எனக்குச் சந்தேகமே வராது.

சனிக்கிழமை மான்சூன் லெட்டர் மறுபடி ஓடுகிறது.
மைல் தூரம். ஊட்டியில் மழையாம், தரை நெகிழும்.
ராயல் பட்டனுக்கு நாலு கிலோ ஏற்றியிருக்கிறார்கள்.
நாலாவது வந்ததற்கு
ஒரு கிராம்கூட ஏறவில்லை.

அதை நேற்றுத்தான் கவனித்தேன்.

வாசலில் ஆட்டோ நிற்கிறது, என்ஜின் அணையவில்லை.
"என்னடே சொல்லுதே, போடலாமா?"
ஏசுவடியான் கையில் ஐந்நூறு ரூபாய்த் தாள்,
நாலாய் மடித்தது.

தராசில் ஷீட் ஆடி நிற்கிறது.
எடையை ஒருமுறைக்கு இருமுறை
உரக்க வாசிக்கிறேன்.